ஃபயர் என்று பாடியது யார்?

ஓமா ஸ்லோன் மறுபடியும் ரேடியோவை அணைத்தாள்.

நாடு முழுக்க முதல் இடத்தில் இருக்கிற பாட்டு அது. பாடுவது அவள் பெற்ற பெண், கூடப் பாடுவது அவள் பெற்ற பையன் என்று ரேடியோக்காரன் இப்போதுதான் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போட்டான். பல்லவி வருகிற இடத்தில், தவறாமல், அவள் கை ஜன்னலோரத்து ரேடியோவுக்கு நீண்டு அதன் வாயை மூடிவிட்டது.

மேசையில் காபியோடு உட்கார்ந்திருந்த மகள் ட்ரெஸ்ஸா அதைப் பார்த்தாள். நேற்றும் பார்த்திருந்தாள்.

"ஏம்மா அணைக்கிற?"

"சாஸேஜ் பொரியற சத்தம் கேக்கணும். கேக்கலைன்னா தீஞ்சிடும்."

பள்ளிக்கூட உணவுக்கூடத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆக்கிப் போட்டவள் ஓமா. சத்தம் கேட்டுச் சமைக்கிற ஆளில்லை. ட்ரெஸ்ஸாவுக்கு அது தெரியும். தெரிந்தும் மேலே கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம்.

பீச் ஃபோர்க் என்கிற இவர்கள் பாட்டுக்குழுவின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். கதவைக் கம்பி போட்டுக் கட்டிய வேனில் அக்கா ட்ரெஸ்ஸாவும் தம்பி ஆர்லிஸும் ஊர் ஊராகப் போனார்கள். பீர்க்கடை, மாவட்டச் சந்தை, தீயணைப்புப் படையின் மீன் வறுவல் விருந்து என்று கூப்பிட்ட இடமெல்லாம் பாடினார்கள். ஒரு சந்தையில் பன்றிகளுக்குப் பரிசு கொடுக்கிற இடைவெளியில் பாடச் சொன்னார்கள். அன்றைக்குப் பன்றிக்குத்தான் கைதட்டல் அதிகம். அப்பா ஓஹையோவுக்கு ஃபேக்டரி வேலைக்குப் போனவர் அங்கேயே இன்னொரு வீட்டுச் சமையலுக்குப் பழகிவிட்டார். அந்த வயிற்றெரிச்சல் இன்றைக்கு வேண்டாம்.

இன்றைக்கு நல்ல நாள். ஊர் எல்லையில் பச்சைப் பலகை நட்டாகிவிட்டது: 'ட்ரெஸ்ஸா, ஆர்லிஸ் ஸ்லோன் பிறந்த ஊர்.' மத்தியானம் பள்ளிக்கூட ஃபுட்பால் மைதானத்தில் பாராட்டு. அப்படிப்பட்ட நாள் சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது ட்ரெஸ்ஸாவுக்கு.

காரணம் ஒரே ஒரு சொல்.

எங்கள் கென்டக்கி மலையில் நெருப்பை யாரும் 'ஃபயர்' என்று சொல்வதில்லை. 'ஃபார்' என்போம். ஒரே மூச்சில் முடிந்துவிடும். பாதிரியார் நரகத்து நெருப்பைச் சொன்னாலும் ஃபார்தான். வெளியூர்க்காரன் காதில் அது 'தூரம்' என்கிற இங்கிலீஷ் ஃபாராக விழும். அது அவன் காதின் கோளாறு என்று நாங்கள் விட்டுவிடுவோம்.

'நெருப்பை அணைய விடாதே, வந்துகொண்டிருக்கிறேன்' என்று வழியில் இருக்கிற ஒருத்தி வீட்டுக்குச் சொல்லும் பாட்டு அது. ட்ரெஸ்ஸா எழுதியது. பல்லவியே அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. பாட்டுக் கம்பெனிகள் இருக்கிற நாஷ்வில்லில் ரெக்கார்டு செய்தபோது அக்காவும் தம்பியும் ஃபார் என்றுதான் பாடினார்கள். பாடி முடித்த கையோடு ஆர்லிஸுக்கு ஊரிலிருந்து போன் வந்தது, மனைவி ஜெனலுக்கு இடுப்பு வலி என்று. மாண்டலினை அங்கேயே போட்டுவிட்டு ஓடினான்.

மறுநாள் தயாரிப்பாளர் கிரேடி ஸ்டுடியோக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சொன்னார். "ட்ரெஸ்ஸா, டெக்ஸாஸ்காரனுக்கு இது தூரம்னு கேக்கும். அடுப்புல தூரம் எரியுதான்னு சிரிப்பான். ஃபயர்னு பாடிடும்மா."

பாடினாள். அவள் ஃபயர் என்று பாடியதும் தம்பியின் ஃபார் ஒட்டாமல் போயிற்று. கிரேடி ட்ராய் என்று ஒருவனைக் கூப்பிட்டார். நாஷ்வில்லில் இது சர்வ சாதாரணம். மேடையில் பாடுகிறவன் ஒருவன், ரெக்கார்டில் பாடுகிறவன் இன்னொருவன். ட்ராய் வந்தான், இரண்டாம் குரலைப் பாடினான், போய்விட்டான்.

"தம்பிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடறியா?" என்று கிரேடி கேட்கத்தான் செய்தார்.

"பிள்ளை பொறந்த வீடு. அப்புறம் சொல்லிக்கறேன்."

அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

அதைவிடப் பெரிய முள் ஒன்று உள்ளே இருந்தது. ட்ராயின் குரல் வந்து சேர்ந்தபோது பாட்டு நன்றாக இருந்தது. தம்பியோடு பாடியதைவிட நன்றாக இருந்தது. இது ஜெயித்துவிடும் என்று அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, சந்தோஷத்தில் கைகூடத் தட்டினாள். அந்தக் கைதட்டலை நினைத்தால்தான் அவளுக்கு இப்போது தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

கூடப்பிறந்தவர்கள் சேர்ந்து பாடினால் குரலும் குரலும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொள்ளும். அதை ரத்த சுருதி என்பார்கள். பேட்டி எடுக்கிறவர்கள் எல்லாரும், "ஆஹா, என்ன ரத்த சுருதி!" என்று உருகினார்கள். ட்ரெஸ்ஸா ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினாள்.

வெளியே ஹார்ன் சத்தம். ஆர்லிஸ் வந்துவிட்டான்.

இஸ்திரி போட்ட நீலச் சட்டை, மினுக்கிய பூட்ஸ், முகமெல்லாம் பல். வந்ததும் அம்மாவின் தோளுக்கு மேல் கையை விட்டு ஒரு சாஸேஜை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"கையக் கழுவுடா, எருமை!"

"நம்பர் ஒன் எருமைம்மா. மரியாதையாப் பேசு." சிரித்துக்கொண்டே அக்காவிடம் திரும்பினான். "அக்கா, பலகையைப் பாத்தியா? என் பேர்ல ஒரு எழுத்துகூடத் தப்பில்ல. இந்த ஊர்ல இதுவே பெரிய அதிசயம்."

"பாத்தேன்டா."

"ஜெனல் நேரா மைதானத்துக்கு வந்துடறா. பாப்பா இப்பவே நம்ம பாட்டுக்குக் காலை ஆட்டுது தெரியுமா?"

ஓமா அடுப்பைவிட்டுத் திரும்பவில்லை. சாஸேஜுக்கு ஊற்றுகிற வெள்ளைக் குழம்பை வேண்டாத வேகத்தில் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"சாமானெல்லாம் வண்டில ஏத்திடறேன்," என்று சொல்லிவிட்டு ஆர்லிஸ் பின்கட்டுக்குப் போனான். போகும்போதே தொண்டையைச் செருமிக்கொண்டு, பல்லவியின் முதல் சொல்லைப் பாடிப் பார்த்தான். "ஃபய்...யர்." நிறுத்தினான். மறுபடியும் பாடினான். "ஃப...யர்."

ட்ரெஸ்ஸா காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

ஓமா அடுப்பை அணைத்தாள். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"யாருடி அவன்?"

"யாரும்மா?"

"நான் பெத்தது ரெண்டு. ஒண்ணு நீ, ஒண்ணு அவன். அந்தப் பாட்டுல உன்கூடப் பாடறவனை நான் பெக்கல. யார் அவன்?"

ட்ரெஸ்ஸா பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்துப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அந்த எண்ணம் செத்துப் போயிற்று. எல்லாவற்றையும் சொன்னாள். கைதட்டியதை மட்டும் சொல்லவில்லை.

"உனக்கு எப்பம்மா தெரியும்?"

"முதல் தடவை கேட்டப்பவே. அது வரைக்கும் என் பையன் ஃபயர்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. பேச ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஃபார்தான்."

"அப்பவே ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன். அந்த ரேடியோவைத் திருகித் திருகி என் விரல்தான் தேஞ்சுது."

பின்கட்டிலிருந்து மறுபடியும் குரல் வந்தது. "ஃபய்...யர்."

ஓமா அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். "கேட்டியா? இங்க வந்தா பின்னால இருக்கிற ஷெட்ல போய் நின்னுக்கிட்டு இதே வேலையா இருக்கான். ஏன்டா இப்படிப் பாடறேன்னு கேட்டேன். ரெக்கார்டுல நான் பாடினது மேடைல வரமாட்டேங்குதும்மா, ஜனங்க ஏமாந்துடுவாங்கன்றான். அவனுக்கு என்னடி சொல்லி வச்சிருக்க?"

ரெக்கார்டு வெளிவந்த அன்று தம்பி போனில் கேட்டது ட்ரெஸ்ஸாவின் காதில் அப்படியே இருந்தது. 'அக்கா, நான் ஃபயர்னா பாடினேன்? என் குரல் எனக்கே புதுசா இருக்கே?' அவள் சட்டென்று ஒரு பதில் சொல்லியிருந்தாள்.

"மெஷின்ல சரி பண்ணிட்டாங்கன்னு சொன்னேம்மா."

ஓமா மகளின் காபியை எடுத்துத் தொட்டியில் கொட்டினாள். அடித்திருந்தாலும் தாங்கியிருக்கலாம்.

"எவனோ பாடினதைத் தான் பாடினதா நெனச்சுக்கிட்டு, அவனை மாதிரி பாடக் கத்துக்கிட்டிருக்கான் என் புள்ள," என்றாள். "மேடை ஏறுறதுக்கு முன்னாடி சொல்லிடு."

"இன்னைக்கா? ஊரே கூடியிருக்கும்மா."

"ஊருக்குப் பயப்படாத. அவனுக்குப் பயப்படு."

இன்னொரு விஷயமும் இருந்தது. அதை ட்ரெஸ்ஸா அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நேற்று கிரேடி போன் செய்திருந்தார். அடுத்த ஆல்பத்திலும் ட்ராய்தான் பாட வேண்டுமாம், ரெக்கார்டு கம்பெனியின் விருப்பம். ஆர்லிஸ் மேடைக்கு, ட்ராய் ரெக்கார்டுக்கு. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லச் சொன்னார். முடியாது என்று அவள் உடனே சொல்லியிருக்கலாம். யோசிக்கிறேன் என்றாள்.

மைதானத்துக்குப் போகிற வழியில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள். அம்மா வேண்டுமென்றே பக்கத்து வீட்டுக் காரில் ஏறிக்கொண்டாள். ஆர்லிஸின் பிக்கப் வண்டியில் அக்காவும் தம்பியும் மட்டும்.

"ஆர்லிஸ், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இரு, இரு. முதல்ல நீ இதக் கேளு." ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே பாடினான். அசல் ட்ராய். அதே இழுப்பு, சொல்லின் நடுவில் அதே சின்ன மடிப்பு. "எப்படி? ரெக்கார்டுல மாதிரியே வந்துடுச்சுல்ல?"

"வந்துடுச்சு."

"அப்பாடா!" ஜன்னல் வழியாகத் தெருவில் போகிறவர்களுக்குக் கை காட்டினான். "நிஜத்தைச் சொல்லட்டுமாக்கா? ரொம்ப பயந்து போயிருந்தேன். அந்த ஒரு தடவைதான் நல்லாப் பாடினேனோ, இனிமே வராதோன்னு தூக்கமே இல்ல. உன் பாட்டை நான் கெடுத்துடக் கூடாதுல்ல? சரி, நீ என்ன சொல்ல வந்த?"

ட்ரெஸ்ஸா சாலையைப் பார்த்தாள். பச்சைப் பலகை வந்தது. ஆர்லிஸ் வண்டியின் வேகத்தைக் குறைத்து, அதற்கு ஒரு சல்யூட் வைத்தான்.

"ஒண்ணுமில்ல. சட்டை நல்லா இருக்கு."

கோழை. அவள் தன்னைத்தானே அப்படித்தான் திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டால் மட்டும் வாய் திறந்துவிடுமா?

மைதானம் நிறைந்திருந்தது. பள்ளிக்கூட பாண்ட் ஊதித் தள்ளியது. விழாவை நடத்தியவர் ஃபுட்பால் கோச் டில்மன். ஜெயித்த டீமைப் பற்றிப் பேசுவது போலவே பேசினார், நடுவில் ஒரு தடவை ட்ரெஸ்ஸாவை 'நம்ம கேப்டன்' என்றார். முன்வரிசையில் ஜெனல் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் ஓமா. ஓமாவின் கண் மகளைவிட்டு நகரவில்லை. சொல்லிவிட்டாயா என்று அந்தக் கண் கேட்டது. ட்ரெஸ்ஸா மைக்கைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. கெட்டிக்காரத்தனமான யோசனை என்றே நினைத்தாள். இது எங்கள் ஊர். இங்கே டெக்ஸாஸ்காரன் யாரும் இல்லை. பழைய மாதிரி ஃபார் என்று பாடினால் என்ன? அக்கா பாடினால் தம்பி தானாகப் பின்னால் வருவான், சின்ன வயதிலிருந்து அப்படித்தானே வந்திருக்கிறான்? அவன் குரல் அவனிடமே திரும்பி வந்துவிடும். வாய் திறந்து எதையும் சொல்லவும் வேண்டாம்.

பாட்டு தொடங்கியது. சரணம் நன்றாகப் போயிற்று. பல்லவி வந்தது. அவள் மூச்சை இழுத்து, மலை கேட்கும்படி, "ஃபார்!" என்று பிடித்தாள்.

அதே கணம் பக்கத்து மைக்கில் ஆர்லிஸ், "ஃபய்...யர்!" என்றான்.

இரண்டும் முட்டிக்கொண்டன. காது கூசியது. சட்டென்று அவள் ஃபயருக்குத் தாவினாள், அதற்குள் அவன் பதறிப்போய் ஃபாருக்குத் தாவிவிட்டான். மறுபடியும் முட்டிக்கொண்டன. பாட்டு அங்கேயே நின்றுவிட்டது.

கூட்டம் முதலில் திகைத்தது, பிறகு சிரித்தது. பெட்ரோல் பங்க் ஹோபர்ட் எழுந்து நின்று கையை வாயில் குவித்துக் கத்தினான்.

"என்னடா ஆர்லிஸ்! ஃபயராமே ஃபயரு! நாஷ்வில் தண்ணி குடிச்சதும் நாக்கு திரும்பிடுச்சா?"

"அக்கா மாறல, தம்பி தொரை ஆயிட்டாரு!" என்றாள் இன்னொருத்தி.

"அய்யா, எங்க வீட்டு அடுப்புலயும் கொஞ்சம் ஃபயர் பத்த வைங்கய்யா!"

மைதானமே குலுங்கிச் சிரித்தது. கெட்ட எண்ணத்தில் அல்ல, ஊர்ப் பிள்ளையைச் சீண்டுகிற உரிமையில்தான். ஆனால் பிறந்த மண்ணை மறந்து அந்தஸ்து காட்டுகிறான் என்பதைவிடப் பெரிய வசை எங்கள் மலையில் கிடையாது. அதைக் கேட்டு ஆர்லிஸின் முகம் காது மடல் வரை சிவந்தது. ட்ரெஸ்ஸாவைப் பார்த்துக் கூட்டம் கைதட்டியது, அவள் மாறவில்லையாம். அந்தக் கைதட்டல் அவள் முகத்தில் வந்து அறைந்தது.

ஆர்லிஸ் சிரிக்க முயன்றான். மைக்கைப் பிடித்தான்.

"மன்னிச்சுக்குங்க, தப்பு என்னுதுதான். அக்கா மேல ஒண்ணுமில்ல. ரெக்கார்டுல நான் ஃபயர்னுதான் பாடியிருக்கேன். அதே மாதிரி உங்களுக்குப் பாடிக் காட்டணும்னு பழகினேன், இங்க வந்து சொதப்பிட்டேன்." ஓரத்தில் ஒலிபெருக்கியைக் கவனித்துக்கொண்டிருந்தவரிடம் திரும்பினான். "வெர்னன் அண்ணே, ரெக்கார்டைப் போடுங்க. ஜனங்க ஒழுங்கா ஒரு தடவை கேக்கட்டும். அதுல நான் நல்லாப் பாடியிருக்கேன்."

"வேண்டாம்," என்றாள் ட்ரெஸ்ஸா. மைக்கிலிருந்து தள்ளி நின்றதால் அது யாருக்கும் கேட்கவில்லை.

வெர்னன் போட்டுவிட்டார். நான்கு மூலையிலிருந்தும் பாட்டு கிளம்பியது. கூட்டம் கையைத் தட்டிக்கொண்டு கூடவே பாடியது. ஆர்லிஸ் தலையைச் சாய்த்து, தன் இடம் வருவதற்காகக் காத்திருந்தான். அந்த முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்த்த பிறகு ட்ரெஸ்ஸாவால் அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூட முடியவில்லை.

அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "ஆர்லிஸ், அது நீ இல்ல."

"என்ன? கேக்கல." குனிந்து காதைக் கொடுத்தான்.

"அது நீ பாடினது இல்லடா! நீ ஊருக்கு வந்தப்புறம் வேற ஒருத்தனை வச்சுப் பாட வச்சாங்க. நான் சரின்னேன். மெஷின்னு உன்கிட்ட சொன்னது பொய்."

பல்லவி வந்தது. ஃபயர் என்று இரண்டு குரல்கள் ஒன்றாக எழும்பின. ஆர்லிஸ் நிமிர்ந்தான். முன்வரிசையில் ஜெனல் குழந்தையின் கையைப் பிடித்து அவனைப் பார்த்து ஆட்டிக்கொண்டிருந்தாள். அவனும் கையை ஆட்டினான். பிறகு ஒலிபெருக்கியைப் பார்த்தபடி, முதல் தடவையாகக் கேட்பவன் போல, பாட்டு முடியும்வரை கேட்டான்.

"பேரு என்ன?"

"ட்ராய்."

"நல்லாப் பாடறான்," என்றான் ஆர்லிஸ்.

அவன் குரலில் கோபம் இல்லை. கத்தியிருந்தால் அவள் காலில் விழுந்திருப்பாள். அதற்கும் அவன் இடம் கொடுக்கவில்லை.

"நான் உனக்கு அன்னைக்கே போன் பண்ணியிருக்கணும். திங்கக்கிழமை கிரேடிகிட்ட..."

"திங்கக்கிழமை என்ன?"

அவளால் அதை முடிக்க முடியவில்லை. அவன் அவள் முகத்தையே பார்த்தான். சொல்லாமலே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"ஓ. அடுத்த ஆல்பத்துலயும் அவன்தானா?" என்றான் மெதுவாக.

"இன்னொண்ணு! இன்னொண்ணு!" என்று கூட்டம் கத்தியது. கோச் டில்மன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். ஆர்லிஸ் மாண்டலினை எடுத்தான், கம்பிகளைச் சரிபார்த்தான், அம்மா சர்ச்சில் சொல்லிக் கொடுத்த பழைய பாட்டு ஒன்றை வாசிக்கத் தொடங்கினான். முதல் அடி அக்காவுக்கு. இரண்டாம் அடியில் தம்பி வந்து சேர்ந்துகொள்ள வேண்டும். நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான்.

ட்ரெஸ்ஸா முதல் அடியைப் பாடினாள். முடிக்கும்போது அவன் பக்கம் திரும்பினாள்.

ஆர்லிஸின் விரல்கள் ஒரு சுரம் பிசகாமல் வாசித்துக்கொண்டிருந்தன. அவன் மைக்கிலிருந்து ஓர் எட்டு பின்னால் போய் நின்றிருந்தான். இரண்டாம் அடி வந்தது. அவன் வாயைத் திறக்கவில்லை.